அபஸ்வரம் என்றார்கள்

ஸங்கீத ரஸிகர்களின் கையில் உள்ள ஆயுதங்களுக்குள்ளே மிகவும் கூர்மையானது 'அபஸ்வரம்' என்னும் சொல். அதைப் பிரயோகிப்பதற்கு ஸ்வர ஞானம் அவசியம் என்று சொல்வதற்கில்லை. பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்தில் ஒரு சிறு சுளிப்புத் தோன்றினால் போதும், நாமும் உச்சுக் கொட்டி, "ஐயையோ, அபஸ்வரம்!" என்று சொல்லிவிடலாம். மேடையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து நம்மைப் பரீக்ஷை செய்யப் போவதில்லை. இத்தனை மலிவான விலைக்கு வித்வத் பதவி வேறு எங்கும் கிடைக்காது.

இந்தச் சொல்லை ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் தலையில் சுமந்து திரிந்த ஒரு வித்வானைப் பற்றி இந்த வாரம் எழுத உத்தேசித்திருக்கிறோம். அவர் நம் நாட்டவர் அல்லர். அமெரிக்க தேசத்தில் டெக்ஸஸ் மாகாணத்தில் பிறந்தவர், கறுப்பு இனத்தவர். பெயர் ஆர்னெட் கோல்மன். வாத்தியம் ஸாக்ஸபோன். அபஸ்வரம் என்று சொல்லி அவரைப் பரிகசித்தார்கள், மேடையிலிருந்து இறக்கினார்கள், ஒரு தடவை வெளியே இழுத்துப் போட்டு அடிக்கவும் அடித்தார்கள். பிறகு, அவருடைய எழுபத்தேழாவது வயதில், அந்த நாட்டின் மிக உயர்ந்த ஸங்கீதப் பரிசுகளில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடித்தவர்களுக்குப் பயந்து அவர் தம் வழியை விட்டுவிடவில்லை. பரிசு கொடுத்தவர்களுக்காகப் புது வழி தேடிப் போகவும் இல்லை. நடுவிலிருந்த அறுபது வருஷத்தில் மாறியது கேட்பவர்களின் காதுதான்.

அந்தக் காது எப்படி மாறிற்று என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் அவர் செய்த குற்றம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸாக்ஸபோன் நமக்குப் புதிய வாத்தியமன்று. காலஞ்சென்ற கத்ரி கோபால்நாத் அதில் கர்நாடக ராகங்களை வாசித்ததைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளமாக இருக்கிறார்கள். பெல்ஜியம் தேசத்து அடால்ப் ஸாக்ஸ் என்பவர் அதைக் கண்டுபிடித்து, 1846-ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளை, ஊதும் இடத்தில் நாணலால் செய்த ஒற்றைத் தகடு. நாதஸ்வரத்தின் சீவாளிக்கு இந்தத் தகடு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். மனிதக் குரலைப்போலவே குழைவதற்கும், விம்முவதற்கும், சிரிப்பதற்கும் அந்த வாத்தியத்துக்குச் சக்தி உண்டு.

ஜாஸ் என்பது அமெரிக்காவின் கறுப்பு மக்கள் உண்டாக்கிய ஸங்கீதம். நம் ஸங்கீதத்தைப்போல் அதிலும் மனோதர்மத்துக்குத்தான் முதல் ஸ்தானம். ஆனால் அதன் ஏற்பாடு வேறு. முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டை வாசிப்பார்கள். அந்தப் பாட்டுக்கு அடியில், இத்தனை அட்சரத்துக்கு இந்த ஸ்வரக் கொத்து, அதற்கப்பால் இன்னொரு கொத்து என்று ஒரு வரிசை அமைந்திருக்கும். மூன்று நான்கு ஸ்வரங்களை ஒரே காலத்தில் சேர்த்து ஒலிக்கச் செய்வதையே ஸ்வரக் கொத்து என்கிறோம். பாட்டு முடிந்ததும் ஒருவர் தம் கற்பனையை அவிழ்த்துவிடத் தொடங்குவார். பாட்டு முடிந்தாலும் அந்த வரிசை முடிவதில்லை. திரும்பத் திரும்பச் சுற்றி வந்துகொண்டே யிருக்கும். பியானோக்காரர் அதைத் தட்டிக் காட்டிக்கொண்டே யிருப்பார். கற்பனை எவ்வளவு உயரம் பறந்தாலும், குறித்த அட்சரத்தில் குறித்த கொத்துக்குப் பொருந்தும் ஸ்வரத்தில் வந்து இறங்கியாக வேண்டும். 1940-களில் சார்லி பார்க்கர் என்ற மகா வித்வான் இந்தக் கட்டுக்குள்ளேயே மின்னல் வேகத்தில் செய்த அற்புதங்களை இன்றைக்கும் உலகம் கேட்டு வியக்கிறது.

பார்க்கரின் உருப்படிகளை யெல்லாம் இளமையிலேயே பாடம் செய்திருந்த கோல்மனுக்கு ஒரு சந்தேகம் தோன்றிற்று. மனத்தில் ஒரு பாவம் எழுந்து, அது ஒரு திசையில் போக விரும்புகிறது. அப்போது, "இல்லை, ஐந்தாவது அட்சரத்தில் நீ இங்கேதான் இருக்க வேண்டும்" என்று முன்கூட்டியே எழுதி வைத்த வரிசை எதற்காகக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும்? பாட்டு முன்னால் போகட்டும். துணை வாத்தியங்கள் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் வரட்டும். இதுதான் அவருடைய கட்சி. ராக ஆலாபனை கேட்டுப் பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி யடைய ஒன்றுமில்லை. பாடகர் எந்த ஸ்வரத்தில் நிற்கப் போகிறார் என்று பிடில்காரருக்கு யாரும் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லையே! ஆயினும் ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. நம் ஆலாபனைக்கு ராக லக்ஷணம் என்ற வரம்பு உண்டு. கோல்மன் அந்த மாதிரி வரம்பையும் வைத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்ட பாட்டின் பாவமும், கூட வாசிப்பவர்களின் காதுமே அவருக்கு வரம்பு.

இன்னொன்றும் சொன்னார். 'சாந்தி' என்று பெயரிட்ட உருப்படியில் வருகிற ஒரு ஸ்வரமும், துக்கத்தைச் சொல்லும் உருப்படியில் வருகிற அதே ஸ்வரமும் ஒரே மாதிரி ஒலிக்கக் கூடாது என்றார். தோடியின் காந்தாரத்தையும் பைரவியின் காந்தாரத்தையும் ஒன்றென்று சொல்ல நம்மில் யாருக்காவது மனம் வருமா? ஆனால் பியானோவின் கட்டைகளை ஸ்வரத்தின் நிரந்தர முத்திரையாக எண்ணியிருந்தவர்களுக்கு, கோல்மனின் வாத்தியத்தில் ஸ்வரம் சற்று மேலேயும் கீழேயும் சாய்ந்து வந்தது சுத்த அபஸ்வரமாகவே பட்டது.

* * *

கோல்மன் 1930-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 9-ந் தேதி போர்ட் வொர்த் என்னும் நகரத்தில் பிறந்தார். ஏழாவது வயதில் தகப்பனார் இறந்துபோனார். தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி. வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்று சட்டமே வகுத்திருந்த காலம் அது. அவர் படித்த ஐ. எம். டெரல் பள்ளிக்கூடம் கறுப்புக் குழந்தைகளுக்கென்று ஏற்பட்டது. அந்த ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கோல்மனைத் தவிர டூயி ரெட்மன், கிங் கர்ட்டிஸ், சார்லஸ் மோபெட் முதலிய பல வாத்திய விற்பன்னர்கள் வெளிவந்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

பதினான்கு வயதையொட்டி அவர் கைக்கு ஸாக்ஸபோன் வந்து சேர்ந்தது. ஆசிரியர் வைத்துக்கொள்ளப் பண வசதியில்லை. புத்தகத்தைப் பார்த்துத் தாமே கற்றுக்கொண்டார். எழுத்து வரிசையில் 'ஏ' முதலில் வருவதால் ஸ்வர வரிசையும் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, வாத்தியத்தின் ஸ்வரங்களுக்குப் பெயர்களை மாற்றிப் பொருத்திக்கொண்டார். பிறகு ஒரு தேவாலய வாத்திய கோஷ்டியில் சேர்ந்தபோது கோஷ்டித் தலைவர், மற்றப் பையன்களுக்கு முன்னால் அவரை நிறுத்தி, இவன் ஒருநாளும் வாசிக்கப் போவதில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெயரில் நேர்ந்த பிசகுதான். ஆனால் ஒரே ஒலிக்கு நின்ற இடத்தைப் பொறுத்து வெவ்வேறு பெயர் இருக்கலாம் என்ற எண்ணம் அந்தப் பிசகிலிருந்துதான் அவர் மனத்தில் வேரூன்றியது.

குடும்பத்துக்குச் சம்பாதிப்பதற்காக அவர் சூதாட்டமும் குடியும் நடக்கும் விடுதிகளில் வாசித்தார். அங்கே சண்டையும் கத்திக் குத்தும் சாதாரணம். ஒரு நாள் மனம் வெறுத்துப்போய், இந்த ஜனங்களுக்கு வாசிக்க எனக்கு விருப்பமில்லை என்று தாயாரிடம் முறையிட்டாராம். அதற்கு அந்த அம்மாள், அப்படியானால் உன் ஆத்மாவுக்கு அவர்கள் கூலி கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயா என்று கேட்டாராம். இதைக் கோல்மன் தம் முதிய வயதில் சொல்லியிருக்கிறார். தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஏழைத் தாய் கேட்ட அந்தக் கேள்வி, பிற்காலத்தில் அவர் எடுத்த பல முடிவுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது.

பத்தொன்பதாவது வயதில் ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் கோஷ்டியில் சேர்ந்தார். கூட வாசித்த ஒருவருக்குப் புது மாதிரி ஜாஸ் கற்றுக்கொடுக்க முயன்றார் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு வேறு ஒரு கோஷ்டியோடு லூயிஸியானா மாகாணத்துப் பேட்டன் ரூஜ் நகரத்துக்குப் போனார். இது நடந்தது 1949-ல். அங்கே ஒரு நடன சாலையில் தம் முறை வந்தபோது சற்றுத் தம் மனம் போனபடி வாசித்தார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் சிலர் அவரை வெளியே அழைத்துச் சென்று, நையப் புடைத்து, வாத்தியத்தையும் தூக்கி எறிந்தார்கள். நம் ஸபைகளில் கச்சேரி பிடிக்காவிட்டால் கான்டீனுக்குப் போய்விடுகிறோம். எவ்வளவோ சாத்விகமான வழக்கம்!

அடி வாங்கிய பிறகு வேறு ஒருவராயிருந்தால் எல்லாரையும்போல் வாசிக்கக் கற்றுக்கொண்டிருப்பார். அல்லது வாத்தியத்தையே விட்டிருப்பார். இவர் அது வரையில் வாசித்து வந்த பெரிய ஸாக்ஸபோனை விட்டுச் சிறியதான ஆல்டோவுக்கு வந்தார். அவ்வளவுதான் அந்த அடியினால் விளைந்த மாறுதல்.

* * *

1950-களில் லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரத்தில் கோல்மனுக்குக் கிடைத்த உத்தியோகம், ஒரு பெரிய பலசரக்கு மாளிகையில் லிப்ட் ஓட்டுவது. ஜனங்கள் ஏறாத சமயங்களில் லிப்டை ஒரு மாடியில் நிறுத்திவிட்டு ஸங்கீத சாஸ்திரப் புத்தகங்களைப் படிப்பார். இரவில் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு விடுதி விடுதியாகப் போவார். அவர் மேடை ஏறினால் கூட இருப்பவர்கள் இறங்கிவிடுவார்கள். பிரபல வித்வான் ஒருவர் நடுக் கச்சேரியில் அவரை மேடையை விட்டுப் போகச் சொன்னார். ஒரு கோஷ்டித் தலைவர், வாசிக்காமல் சும்மா இருப்பதற்காகவே அவருக்குச் சம்பளம் கொடுத்தார் என்றுகூட ஒரு கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, அந்தக் காலத்தில் அவருக்கிருந்த மதிப்பை அது காட்டுகிறது.

பழைய வாத்தியம் கெட்டுப்போயிற்று. புதிய பித்தளை வாத்தியம் வாங்கப் பணமில்லை. 1954-ல், இங்கிலாந்தில் செய்த வெள்ளை நிற பிளாஸ்டிக் ஸாக்ஸபோன் ஒன்றை வாங்கினார். விளையாட்டுச் சாமான் போல் இருக்கும் அதைப் பார்த்துப் பரிகாசம் செய்வதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது. அவருக்கும் முதலில் அது பிடிக்கவில்லை. வாசிக்க வாசிக்க, அதில் மூச்சின் ஒலி மறையாமல் வெளிவருவதைக் கண்டு, அதையே விரும்பத் தொடங்கிவிட்டார். வறுமை கையில் கொடுத்த வாத்தியமே அவருடைய அடையாளமாகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் அவருக்குத் தோழர்கள் கிடைத்தார்கள். எக்காளம் வாசிக்க டான் செர்ரி. டிரம் வாசிக்க எட் பிளாக்வெல், பில்லி ஹிக்கின்ஸ். பெரிய பாஸ் பிடில் வாசிக்க சார்லி ஹேடன். ஹேடன் வெள்ளைக்காரர், சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தோடு ரேடியோவில் கிராமியப் பாட்டுப் பாடியவர். கட்டாந்தரையில் நடந்து பழகாத காலுக்கு இவர்களுடைய வழி ஏற்றதல்ல. பியானோ கிடையாது. எனவே, 'இப்போது இந்த ஸ்வரக் கொத்து' என்று வழி காட்டுவாரும் கிடையாது. நால்வரும் ஒருவரை யொருவர் கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

1958-ல் ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர், கோல்மன் இயற்றிய மெட்டுக்களை விலைக்கு வாங்கலாமா என்று பார்க்கக் கூப்பிட்டார். அவர் வாசிப்பைக் கேட்ட பிறகு அவரையே வைத்து இசைத்தட்டுப் போட்டுவிட்டார். மறு வருஷம் மே மாதத்தில் அட்லாண்டிக் கம்பெனிக்காக நால்வரும் பதிவு செய்த தட்டுக்கு, 'வரப்போகும் ஜாஸின் வடிவம்' என்ற பொருள்படப் பெயர் சூட்டினார்கள். தலைப்பைக் கண்டே அநேகருக்குக் கோபம் வந்தது. அந்தத் தட்டின் முதல் உருப்படிக்கு 'தனித்த பெண்' என்று பெயர். பலசரக்கு மாளிகையில் வேலை பார்த்த நாளில், சாப்பாட்டு வேளையில் ஒரு சித்திரசாலைக்குள் நுழைந்த கோல்மன், ஒரு பணக்கார வெள்ளைச் சீமாட்டியின் படத்தைப் பார்த்தார். அவளிடம் உலகத்திலுள்ள சகல சம்பத்துக்களும் இருந்தன. முகத்தில் மட்டும் சொல்ல முடியாத தனிமை. வீட்டுக்கு வந்து இந்த மெட்டை அமைத்தார். லிப்ட் ஓட்டும் கறுப்புத் தொழிலாளி, தன் குறைகளைப் பாடாமல், சீமாட்டியின் துக்கத்துக்காக உருகினான்! கீழே டிரம் வேகமாக ஓடிக்கொண்டிருக்க, மேலே பாட்டு மட்டும் அவசரமில்லாமல் அழுதுகொண்டே நகர்கிறது. கோல்மனை முதன்முதலாகக் கேட்க விரும்பும் நேயர்களுக்கு இதைத்தான் சிபார்சு செய்வோம். எதற்காக அவ்வளவு சண்டை நடந்தது என்று இன்றைக்குக் கேட்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

* * *

சண்டை 1959-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 17-ந் தேதி நியூயார்க்கில் ஆரம்பமாயிற்று. சித்திரக்காரர்களும் கவிஞர்களும் கூடும் 'பைவ் ஸ்பாட்' என்ற சிறு விடுதியில் கோல்மன் கோஷ்டியின் கச்சேரி. இரண்டு வாரத்துக்கென்று செய்த ஏற்பாடு இரண்டரை மாதம் வரையில் நீடித்தது. ஊரிலுள்ள ஸங்கீதப் பிரமுகர்கள் அத்தனை பேரும் வந்து கேட்டார்கள். மேனாட்டு சாஸ்திரீய ஸங்கீதத்தில் புகழ் வாய்ந்த லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் ஆனந்த பரவசமானார். மைல்ஸ் டேவிஸ், இந்த மனிதரின் மனமே கோளாறாக இருக்கிறதென்று சந்தேகப்பட்டார். எக்காள வித்வான் ராய் எல்ட்ரிட்ஜ், குடித்திருந்தபோதும் கேட்டுப் பார்த்தார். தெளிவாயிருந்தபோதும் கேட்டுப் பார்த்தார். இரண்டு நிலையிலும் இவர் நம்மை ஏமாற்றுகிறார் என்ற முடிவுக்கே வந்தார். இவ்வளவு பாரபட்சமற்ற பரிசோதனையை நம் விமரிசகர்கள்கூடச் செய்ததில்லை!

அடுத்த வருஷம், 1960 டிசம்பர் 21-ந் தேதி, கோல்மன் எட்டு வித்வான்களை ஒரே அறையில் சேர்த்தார். நால்வர் கொண்ட கோஷ்டி இரண்டு. ஒன்றின் ஒலி கேட்பவரின் இடக் காதில். மற்றொன்றின் ஒலி வலக் காதில். இடையில் நிறுத்தாமல் முப்பத்தேழு நிமிஷம் வாசித்தார்கள். சேர்ந்து வாசிப்பதற்கென்று சில சிறு பகுதிகளே முன்னதாக எழுதப்பட்டிருந்தன. மற்றதெல்லாம் அந்தந்தக் கணத்தில் பிறந்தது. ஒருவர் முன்னால் வந்து வாசிக்கும்போது மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்களுக்குத் தோன்றியபோது பதில் சொன்னார்கள். தட்டின் உறையில் ஜாக்ஸன் பொல்லாக்கின் சித்திரம் ஒன்று. பெயர் 'ஃப்ரீ ஜாஸ்', அதாவது சுயேச்சை ஜாஸ். பிற்பாடு இந்தப் பெயரே ஒரு சம்பிரதாயத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அமெரிக்காவின் பிரபல ஜாஸ் பத்திரிகை ஒன்று அதற்கு இரண்டு மதிப்புரைகளை ஒரே இதழில் வெளியிட்டது. ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். இன்னொருவர் பாதி நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை.

சுயேச்சை என்ற சொல்லைப் பற்றி இங்கே சற்று யோசிப்பது நல்லது. சுயேச்சை என்றால் யாரும் எதையும் எப்படியும் செய்யலாம் என்று பொருள் கொள்கிறவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. இந்தத் தட்டை ஊன்றிக் கேட்டால் அந்த எண்ணம் நிலைக்காது. எட்டுப் பேரும் தம் தம் வழியில் ஓடி, மற்றவர் குரலைக் கேளாமல் விட்டிருந்தால், மூன்று நிமிஷத்துக்குள் சந்தைக் கூச்சலாக முடிந்திருக்கும். எழுதி வைத்த வரிசை இருந்தபோது, கூட வாசிப்பவரைக் கேட்காவிட்டாலும் கச்சேரி எப்படியோ நடந்துவிடும், வரிசை காப்பாற்றிவிடும். வரிசையை எடுத்துவிட்டால், காப்பாற்றுவதற்கு அடுத்தவரின் காதைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆகவே சுயேச்சை வந்த இடத்தில் பொறுப்பு இரண்டு மடங்காகிறது. அடிமைக்குக் கட்டளை கேட்டால் போதும். சுதந்திர மனிதன் தன் அண்டை அயலாரின் குரலைக் கேட்டாக வேண்டும். இதை ராஜ்ய சாஸ்திரப் புத்தகங்களில் அநேகர் எழுதியிருக்கிறார்கள். எட்டு வாத்தியங்களை வைத்துக்கொண்டு காதுக்குக் கேட்கும்படி செய்து காட்டியவர் கோல்மன்.

* * *

புகழ் வந்தது, பணம் வரவில்லை. பத்திரிகைகளில் அவர் பெயர் அடிபட்டது, விடுதிகள் நிரம்பின, அவருக்குக் கிடைத்ததோ சொற்பம். 1962-ல் அவர், பிரபலமான மற்றக் கோஷ்டிகளுக்குக் கொடுக்கும் பணத்தைத் தமக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். விடுதிக்காரர்கள் மறுத்தார்கள். அவ்வருஷம் டிசம்பர் 21-ந் தேதி நியூயார்க்கின் டவுன் ஹாலைத் தாமே வாடகைக்கு எடுத்துக் கச்சேரி செய்தார். தாம் இயற்றிய தந்தி வாத்திய நால்வர் உருப்படி ஒன்றையும் அங்கே அரங்கேற்றினார். அதன் பிறகு மேடையை விட்டு ஒதுங்கி, சுமார் இரண்டு வருஷம் பெரும்பாலும் மௌனமாக இருந்தார்.

இந்த மௌனத்தைப் பேராசை என்று சிலர் அன்றைக்குச் சொன்னார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஆத்மாவுக்குக் கூலி கேட்கக் கூடாது என்பது தாயார் கற்பித்த பாடம். ஆனால் ஆத்மாவை வைத்து வேறொருவர் லாபம் சம்பாதிக்கும்போது, கலைஞன் மட்டும் பட்டினி கிடப்பது தர்மம் என்று அந்தப் பாடத்துக்கு அர்த்தமில்லை. கூலிக்காக வாசிப்பின் முறையை மாற்ற மாட்டேன் என்றவர், முறையான கூலி இல்லாமல் வாசிக்கவும் மாட்டேன் என்றார். இரண்டும் ஒரே சுயமரியாதையின் இரண்டு பக்கங்கள். நாலு பேர் முன்னிலையில் 'கலைத் தெய்வம்' என்று மாலை போட்டுவிட்டு, பக்க வாத்தியக்காரருக்கு வண்டிச் சத்தம் கொடுக்கும்போது கணக்குப் பார்க்கும் ஸபைக் காரியதரிசிகள் இதைப் பற்றிச் சிந்திக்கலாம்.

1965 ஜனவரியில் திரும்பி வந்தபோது, ஸாக்ஸபோனோடு எக்காளமும் பிடிலும் கையில் இருந்தன. இரண்டையும் யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் தாமே பழகியிருந்தார். பிடிலை இடக்கையால் வில் பிடித்து வாசித்தார். மறு வருஷம் பத்து வயதுப் பிள்ளை டெனார்டோவை டிரம்முக்கு முன் உட்கார வைத்து இசைத்தட்டுப் போட்டார். ஆதரித்து வந்தவர்களில் சிலரே முகம் சுளித்தார்கள். அவர் பிடில் வாசிப்பை ஸாக்ஸபோன் வாசிப்புக்குச் சமமாக நாம் சொல்ல மாட்டோம். ஸாக்ஸபோனில் ஒரு வாழ்நாளின் பேச்சு இருக்கிறது. பிடிலில் இருப்பது பெரும்பாலும் வர்ணமும் வேகமுமே. ஆனால் குழந்தை விஷயத்தில் தகப்பனார் தோற்கவில்லை. அந்தப் பிள்ளை நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அவருக்குப் பின்னால் டிரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் வித்து வேறு நிலங்களிலும் முளைத்துவிட்டது. ஸாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் இவருடைய வழியை மரியாதையோடு ஆராய்ந்தார். 1967 ஜூலையில் கோல்ட்ரேன் காலமானபோது இறுதிப் பிரார்த்தனையில் கோல்மன் வாசித்தார். ஜெர்மனியில் பீட்டர் பிராட்ஸ்மன், இங்கிலாந்தில் எவன் பார்க்கர் முதலியவர்கள், ஜாஸ் என்ற பெயரையும் தாண்டி, முழுவதும் மனோதர்மமான ஸங்கீதம் ஒன்றை வளர்க்கத் தொடங்கினார்கள்.

கோல்மனோ ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1972-ல் 'அமெரிக்காவின் வானங்கள்' என்ற பொருள்படும் பெரிய உருப்படியை லண்டன் ஸிம்பனி வாத்திய கோஷ்டியோடு பதிவு செய்தார். 1973-ல் மொராக்கோ தேசத்து மலைக் கிராமமான ஜஜூக்காவுக்குப் போனார். அங்கே பரம்பரையாக வாசித்து வரும் கிராமத்து வித்வான்களின் வாத்தியம் கைதா. இரட்டை நாணல் பொருத்தியது. நம் நாதஸ்வரத்தின் உறவினம். அந்தக் கிராமத்தார் வாசிக்க, நடுவில் நின்று தாமும் வாசித்தார். ஸ்வரக் கொத்து என்பதையே அறியாத அவர்களோடு ஒத்துப் போக அவருக்கு ஒரு சிரமமும் ஏற்படவில்லை. ஊரில் அபஸ்வரம் என்று ஏசப்பட்டவருக்கு, கடல் கடந்து ஆப்பிரிக்க மலையடிவாரத்தில் சுற்றத்தார் கிடைத்தார்கள்!

தம்முடைய கொள்கைக்கு 'ஹார்மோலோடிக்ஸ்' என்று ஒரு புதுப் பெயர் வைத்தார். ஸ்வரச் சேர்க்கை, ஓட்டம், பாட்டு இம்மூன்றும் ஒன்றுக்கொன்று சமம். எந்த வாத்தியமும் எந்த வாத்தியத்துக்கும் அடிமையில்லை என்பது அதன் சாரம். இதற்கு மேல் விளக்கம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்கள் வேதாந்தத்தைப்போல் ஆழமாகவும், அதைப்போலவே விளங்காமலும் இருந்தன. வாத்தியத்தை வாங்கி வாசித்துக் காட்டினாரானால் விளங்கிவிடும்.

* * *

1983-ல் பிறந்த ஊரான போர்ட் வொர்த் அவரை அழைத்தது. அந்த நகரத்து ஸிம்பனி கோஷ்டி அவருடைய 'அமெரிக்காவின் வானங்க'ளை அவரோடு சேர்ந்து வாசித்தது. நகரத் தலைவர் மரியாதை செய்தார். தனிப் பள்ளியும் தனி வாசலுமாக ஒதுக்கி வைத்திருந்த ஊர் அதுதான்.

1965-ல் டியூக் எல்லிங்டனுக்கு விசேஷ விருது அளிக்கலாமென்று ஸங்கீத நடுவர்கள் செய்த சிபார்சைப் புலிட்ஸர் பரிசுக் கமிட்டி நிராகரித்தது. ஜாஸுக்கு அவ்வளவுதான் மதிப்பு. அதே பரிசு 2007-ல் கோல்மனுக்குக் கிடைத்தது. 2005-ல் ஜெர்மனியில் லுட்விக்ஸ்ஹாபன் நகரத்தில் செய்த கச்சேரியின் பதிவுக்காக அதைக் கொடுத்தார்கள். மேஜைமேல் எழுதி முடித்த ஏடுகளுக்கென்றே இருந்து வந்த பரிசு, மேடையில் கணத்துக்குக் கணம் பிறந்த ஸங்கீதத்தைத் தேடிக்கொண்டு வந்தது. 1959-ல் கோபத்தைக் கிளப்பிய இசைத்தட்டை, தேசத்தின் பொக்கிஷமாகப் பாதுகாக்க வேண்டியவற்றின் ஜாபிதாவில் 2012-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூல் நிலையம் சேர்த்தது. 2015 ஜூன் மாதம் 11-ந் தேதி, எண்பத்தைந்தாவது வயதில், கோல்மன் நியூயார்க்கில் காலமானார்.

இந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டு, அபஸ்வரம் வாசிப்பவர்களெல்லாம் மகா மேதைகள் என்று யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. சுருதிப் பெட்டியோடு ஜன்ம விரோதம் கொண்டாடும் வித்வான்களுக்கு இந்தக் கட்டுரையைச் சாக்ஷியாகக் காட்ட உரிமையில்லை என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறோம். உண்மையான புதுமைக்கும் வெறும் இயலாமைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டால், இரண்டு சோதனைகள் சொல்வோம். பழைய வழியை அவர் அறிந்துதான் விட்டாரா? கோல்மன் பார்க்கரின் உருப்படிகளைக் கரைத்துக் குடித்தவர். அவர் இயற்றிய மெட்டுக்களோ ஒரு தடவை கேட்டவர் வாய்விட்டு முணுமுணுக்கக் கூடியவை. இரண்டாவது, தம் வழிக்காக அவர் என்ன கொடுத்தார்? உதையும், பசியும், இரண்டு வருஷ மௌனமும் கொடுத்து வாங்கிய வழியை ஏமாற்று வித்தை என்று சொல்வது சாமானியமான காரியமல்ல. ஏமாற்றுகிறவன் இவ்வளவு நஷ்டத்துக்கு வியாபாரம் செய்யமாட்டான்.

அடுத்த தடவை புதிய குரல் ஒன்று காதில் விழுந்து, அந்தச் சுருக்கமான சொல் நம் நாக்கின் நுனிக்கு வரும்போது, ஒரு நிமிஷம் அதை அடக்கிக்கொண்டு, பாட்டு முடிகிற வரையில் கேட்டுப் பார்ப்போம். முடிந்த பிறகும் சொல்லத் தோன்றினால், அவசியம் சொல்லலாம்.